ரப்பர் மரமும் மழைக்காடும்

காட்டின் விஸ்தீரணம் சர்க்கார் கணக்கில் பெருகிக்கொண்டு போக, காடு மாத்திரம் குறைந்துகொண்டே வருவது சாத்தியமா என்று நமது நேயர்கள் கேட்கக்கூடும். சாத்தியமே என்பதற்குச் சீன தேசத்தின் தென்மேற்குக் கோடியில், யுன்னான் மாகாணத்தைச் சேர்ந்த சிஷுவாங்பன்னா அத்தாட்சியாக இருக்கிறது. அங்கே நூற்றுக்கு எண்பது பாகத்துக்கு மேல் காடு என்று அதிகாரிகள் கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. எதைக் காடு என்று எண்ணும்படி விதி இருக்கிறதோ அதையே அவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால், முன்பு யானைகள் உலவிய பள்ளத்தாக்குகளில் இன்று போய்ப் பார்ப்பவனுக்கு, பட்டாளத்து அணிவகுப்பைப் போல் வரிசை பிசகாமல் நிற்கும் ரப்பர் மரங்களே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்படும். இவ்வாறு அழிந்த காட்டை மீட்கும் பிரயத்தனமும் அதே சீமையில்தான் நடந்துவருகிறது. இவ்விரண்டையும் பற்றி இன்று சிறிது விரிவாக எழுத விரும்புகிறோம்.

சிஷுவாங்பன்னா என்பது சீனச் சொல் அன்று. 'சிப்ஸோங் பன்னா' என்னும் தை பாஷைப் பெயரைச் சீனர் தம் நாவுக்கு இணங்க மாற்றிக்கொண்டது அது. சிப்ஸோங் என்றால் பன்னிரண்டு. பன் என்றால் ஆயிரம். நா என்றால் வயல். ஆயிரம் வயல் கொண்டது ஒரு பன்னா என்று பழைய தை அரசர் காலத்தில் வரி வசூலுக்காக வகுத்திருந்தனர். மேகாங் நதி, சீனத்தில் லான்சாங் என்ற பெயருடன் இச்சீமையை ஊடறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறது. ஒருபுறம் பர்மா, மறுபுறம் லாவோஸ். தை, ஹானி, லாஹு, புலாங், ஜினோ, யாவ் என்று பல இனத்தார் இங்கே வாழ்கின்றனர். 1953-ம் வருஷத்தில் சீன சர்க்கார் இதை தை மக்களின் சுயாட்சிப் பிரதேசம் என்று பிரகடனம் செய்தனர். ஜிங்ஹோங், மெங்ஹாய், மெங்லா என்ற மூன்று பிரிவுகள் சேர்ந்தது. மொத்த விஸ்தீரணம் சுமார் 19,000 சதுர கிலோமீட்டர்.

பூமத்திய ரேகைக்கு அருகே மலாயாவிலும் போர்னியோவிலும் மழைக்காடு இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால், வடக்கே 21, 22 பாகையில், உஷ்ண மண்டலத்தின் விளிம்பில், வருஷத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் மழை மிகக் குறைவாகப் பெய்யும் ஒரு மலைநாட்டில் மழைக்காடு எப்படி நிற்கிறது? வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றை மலைத்தொடர்கள் தடுத்துவிடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று பள்ளத்தாக்குகள் வழியே ஏறி வந்து சுமார் 1,500 மில்லிமீட்டர் மழையைக் கொட்டுகிறது. பிறகு வறண்ட காலத்தில், இரவு முழுவதும் இறங்கிக் காலையில் வெகுநேரம் வரை கலையாமல் நிற்கும் மூடுபனி இலைகளிலிருந்து சொட்டிச் சொட்டி நிலத்தை நனைக்கிறது. மலையின் காவல், மழை, பனி ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் இக்காடு உண்டு. ஒன்று தவறினால் இல்லை.

இது உண்மையான மழைக்காடுதானா என்று நெடுங்காலம் வெளிநாட்டுப் பண்டிதர் சிலர் சந்தேகித்தனர். தென்கிழக்காசிய மழைக்காட்டின் அடையாளமாகிய டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் மேலோங்கி நிற்கும் காடு சீனத்தில் இல்லை என்பது அவர்கள் வாதம். 1970-களின் மத்தியில் மெங்லாவில் ஒரு மரக் கூட்டம் கண்டறியப்பட்டது. அறுபது எழுபது மீட்டர் உயரம் நேராக ஏறி, மற்ற மரங்களுக்கெல்லாம் மேலே தலையைத் தூக்கி நிற்கும் அம்மரத்துக்கு, வானத்தை நோக்கும் மரம் என்று பொருள்படச் சீனர் 'வாங்தியன்ஷு' என்று பெயரிட்டனர். அது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வாதம் முடிந்தது. சீன தேசத்தின் நிலப்பரப்பில் ஆயிரத்தில் இரண்டு பங்கே உள்ள இச்சீமையில், அத்தேசத்துத் தாவர ஜாதிகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கும், பாலூட்டிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும், பறவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் இருக்கின்றன. அங்குள்ள தாவர ஜாதிகள் மாத்திரம் ஐயாயிரம் வரை என்பர்.

இத்தகைய காட்டை வெட்டி ரப்பர் நட்டது ஏன்? அறியாமையால் அல்ல, பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் இயலாது. 1904-ம் வருஷத்திலேயே யுன்னானின் மேற்கு எல்லையிலுள்ள யிங்ஜியாங்கில் டாவ் அன்ரென் என்ற தை சிற்றரசர் ஆயிரக்கணக்கான ரப்பர் கன்றுகளைச் சிங்கப்பூரிலிருந்து தருவித்து நட்டார். அது ஒரு தனி மனிதரின் துணிவு. உண்மையான நிர்ப்பந்தம் கொரியா யுத்தத்தின் போது வந்தது. 1951-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபை, சீனாவுக்கு யுத்த தளவாடங்களையும் அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள்களையும் விற்கலாகாது என்று தீர்மானித்தது. ரப்பரும் அந்த ஜாபிதாவில் அடங்கியது. டயர் இல்லாமல் லாரி ஓடாது, லாரி ஓடாமல் படை நகராது, ஆலையும் நடவாது. ஒரு பெரிய தேசத்தை மண்டியிடச் செய்ய ஒரு மரத்தின் பாலை மறுத்தால் போதும் என்று எண்ணப்பட்ட காலம் அது.

அந்தத் தடையை முதலில் உடைத்தது நமது அண்டை நாடாகிய இலங்கை என்பதை நமது நேயர்களில் பலர் மறந்திருக்கலாம். 1952-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இலங்கையும் சீனாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வருஷத்துக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை கொடுப்பது, அதற்கு ஈடாக 2,70,000 டன் அரிசியைச் சீனா கொடுப்பது, ஐந்து வருஷங்களுக்கு. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த இலங்கைக்கும், ரப்பருக்குத் தவித்த சீனாவுக்கும் அது ஜீவாதாரமாயிற்று. அந்த ரப்பரில் ஒரு பகுதி, நமது ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் சந்ததியார் இலங்கைத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிச் சேர்த்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு முப்பது வருஷம் நிலைத்தது. ஆனாலும், அயல்நாட்டின் தயவில் எத்தனை காலம் வண்டி ஓட்டுவது? சொந்த மண்ணிலேயே ரப்பர் விளைத்தாக வேண்டும் என்று சீனத் தலைவர்கள் உறுதி கொண்டனர். அந்த உறுதியை நாம் பரிகசிக்க மாட்டோம். பிறர் கையில் மூலப்பொருளைக் கொடுத்துவிட்டுத் தவித்த எந்த ஜாதியும் அதைப் பரிகசிக்காது.

ரப்பர் பூமத்திய ரேகைக்கு அருகில் வளரும் மரம். பதினேழாவது பாகைக்கு வடக்கே பயிரிட்டால் பலிக்காது என்பது தோட்ட முதலாளிகளின் சாஸ்திரமாக இருந்தது. சீன விவசாய நிபுணர் குளிர் தாங்கும் ஒட்டு வகைகளைத் தேர்ந்து, 18 முதல் 24 பாகை வரை பயிரிட்டுக் காட்டினர். 1982-ம் வருஷத்தில் தேசத்தின் முதல் தரப் பரிசு அவ்வேலைக்கு அளிக்கப்பட்டது. ஆனால், அந்த வெற்றி எந்த நிலத்தின் மேல் கட்டப்பட்டது? 1950-களில் சிஷுவாங்பன்னாவில் சர்க்கார் பண்ணைகள் தொடங்கப்பட்டன. ஹூனானிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேற்றப்பட்டன. 1968-ம் வருஷத்துக்குப் பின் ஷாங்காய், பீகிங், சுங்கிங் முதலிய நகரங்களிலிருந்து பள்ளிக்கூட வாலிபரும் யுவதிகளும் ஆயிரம் ஆயிரமாக அனுப்பப்பட்டனர். கோடரியும் நெருப்பும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டன. ஆற்றோரத் தாழ்நிலங்கள், அதாவது மழைக்காட்டின் இருதயம், முதலில் வீழ்ந்தது. அப்பண்ணைகளில் அந்த வாலிபர் பட்ட பாடும் சொல்லத் தக்கது. 1978-ம் வருஷத்து முடிவில் ஜிங்ஹோங் பண்ணையில் வேலைநிறுத்தம் மூண்டது. டிங் ஹுய்மின் என்ற ஷாங்காய் வாலிபரின் தலைமையில் விண்ணப்பத்துடன் ஒரு கூட்டம் தலைநகருக்கே புறப்பட்டது. மறுவருஷம் பெரும்பாலோர் வீடு திரும்ப அனுமதி பெற்றனர். அவர்கள் ஊர் திரும்பினர். அவர்கள் நட்ட மரங்கள் நின்றன.

இதன் பிறகு நடந்ததுதான் பெரிய மாறுதல். 1980-களில் கூட்டுப் பண்ணை முறை தளர்ந்து, நிலம் குடும்பங்களுக்கு ஒப்பந்தமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தை குடியானவரும் ஹானி குடியானவரும் தாமே ரப்பர் நடத் தொடங்கினர். சீனத்தில் மோட்டார் பெருகப் பெருக ரப்பர் விலையும் ஏறியது. 1988-ம் வருஷத்தில் சிஷுவாங்பன்னாவின் நிலத்தில் நூற்றுக்கு நான்கரைப் பங்கே ரப்பர், 2002-ல் ஏறக்குறைய பத்து, 2010-ல் இருபத்திரண்டு. ஐந்தில் ஒரு பங்கு பூமிக்கு மேல் ஒரே மரம் என்றாகிவிட்டது. 1976-ம் வருஷத்தில் நூற்றுக்கு எழுபது பாகமாக இருந்த காடு 2003-ல் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது என்று ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு சீன விஞ்ஞானிகளே கணக்கிட்டு 2007-ம் வருஷத்தில் வெளியிட்டனர். தாழ்நில மழைக்காட்டில் மாத்திரம் 1,39,576 ஹெக்டேர் போயிற்று என்பது அவர்கள் கணக்கு. தாழ்நிலம் ரப்பருக்குப் போனதும் மற்றப் பயிர்கள் மலைமேல் ஏறின. அவற்றுக்காக மலைமேலிருந்த காடும் வெட்டுண்டது.

குடியானவரை இதற்காகப் பழிக்க நாம் துணியோம். ஓலைக்குடிசை ஓட்டு வீடாயிற்று. பிள்ளைகள் படிக்கப் போனார்கள். மருத்துவச் செலவுக்குக் கையேந்த வேண்டியதில்லை என்றாயிற்று. மரத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும்போது, 'பறவைக்காக விட்டுவை' என்று உபதேசம் செய்வது வயிறு நிறைந்தவனுக்கு எளிது. ஒரு விஷயத்தை மட்டும் இங்கே பதிவு செய்யவேண்டும். பல வருஷகாலம், காட்டழிவுக்குக் காரணம் மலைவாசிகளின் புனக்காட்டு விவசாயமே என்று உத்தியோகஸ்தர் சாதித்து வந்தனர். ஹானியரும் ஜினோவரும் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து ஓரிரு வருஷம் நெல் விதைத்து, பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். விட்ட இடத்தில் காடு திரும்ப முளைக்கும். அந்த முறை காட்டைத் தின்றதைவிட, வெட்டிய இடத்தில் நிரந்தரமாக ஒரே மரத்தை நிறுத்திய முறை அதிகம் தின்றது. ஆயினும் குற்றப் பத்திரிகை எழுதப்பட்டது ஏழை மலைவாசியின் பெயருக்கு. இப்படிப்பட்ட வழக்குகள் எந்தத் தேசத்துக்கும் புதியவை அல்ல.

ரப்பர்த் தோட்டமும் பச்சையாகத்தானே இருக்கிறது, நிழலும் தருகிறதே, அதைக் காடு என்றால் என்ன குற்றம் என்று கேட்போர் உண்டு. குற்றம் நீரில் தெரிகிறது. ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து, வறட்சி உச்சமாயிருக்கும்போதே, மழைக்குக் காத்திராமல், புதுத் தளிர் விடுகிறது. அதற்கு வேண்டிய நீரை ஆழத்து மண்ணிலிருந்து வேர் இழுக்கிறது. எந்தக் காலத்தில் நிலத்தில் ஈரம் மிக அருமையோ அந்தக் காலத்தில் அதிகமாகக் குடிக்கும் மரம் அது. தண்ணீர் இறைக்கும் யந்திரத்துக்கு இத்தோட்டங்களை விஞ்ஞானிகள் ஒப்பிட்டிருக்கின்றனர். ஓடைகள் வற்றின, கிணறுகள் வறண்டன என்று கிராமவாசிகள் கூறியதை அவர்களுடைய அளவைகள் மெய்ப்பித்தன. ஜிங்ஹோங்கில் மூடுபனி நாட்கள் முன்னைவிடக் குறைந்துபோயின. பனியால் வாழும் காட்டுக்கு இது எத்தகைய செய்தி என்று சொல்லவேண்டியதில்லை. தோட்டத்தின் அடியில் களைக்கொல்லி தெளித்துப் புல் பூண்டு இல்லாமல் துடைத்து வைப்பதால், சரிவுகளில் முதல் மழைக்கே மண் கரைந்து ஓடுகிறது.

இந்த இடத்தில், சட்டம் பயின்றவர் என்ற முறையில், ஒரு சொல்லைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற அனுமதி கோருகிறோம். 1998-ம் வருஷத்தில் யாங்ட்ஸே நதியில் பெருவெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மேல்நாட்டுக் காடுகளை வெட்டியதே காரணம் என்று சர்க்கார் முடிவு செய்து, இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைத் தடுத்தனர். மறுவருஷம், செங்குத்தான சரிவுகளில் பயிர் செய்வதை விட்டு மரம் நடுவோருக்குத் தானியமும் பணமும் கொடுக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கினர். உலகத்தில் அவ்வளவு பெரிய காடு வளர்ப்பு முயற்சி சிலவே என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால், மரம் என்று சொன்னார்களே தவிர, எந்த மரம் என்பதில் கண்டிப்பாக இல்லை. வருமானம் தரும் மரமும் மரமே, ரப்பரும் மரமே என்று ஆயிற்று. சிஷுவாங்பன்னாவில் காட்டைக் காக்க வந்த பணம் சில இடங்களில் ரப்பர்க் கன்றுக்கு எருவாயிற்று. கணக்குப் புத்தகத்தில் காடு வளர்ந்தது. சீனம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. உலகத்து உணவு விவசாய ஸ்தாபனமே ரப்பர்த் தோட்டத்தைக் காட்டின் ஜாபிதாவில் சேர்த்து எண்ணுகிறது. சட்டத்தில் ஒரு சொல்லுக்கு எழுதும் விளக்கம் ஒரு கோடரியைவிட அதிகமாக வெட்டக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது.

பாதுகாப்பு முயற்சி முன்பே தொடங்கியிருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். 1958-ம் வருஷத்திலேயே, சீனத்தின் மிகப் பழைய காப்புக்காடுகளில் ஒன்றாகச் சிஷுவாங்பன்னா காப்புக்காடு வகுக்கப்பட்டது. இன்று அது சுமார் 2,400 சதுர கிலோமீட்டர். ஆனால் ஒரே நிலமாக இல்லை. மெங்யாங், மெங்லுன், மெங்லா, ஷாங்யோங், மங்காவ் என்று ஐந்து துண்டுகளாகக் கிடக்கிறது. துண்டுகளுக்கு நடுவே ரப்பரும் சாலையும் ஊரும். 2021-ம் வருஷம் டிசம்பர் முதல் லாவோஸுக்குச் செல்லும் ரயில் பாதையும் இச்சீமை வழியே ஓடுகிறது.

துண்டு துண்டான காட்டில் வாழ முடியாது என்பதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவை யானைகள். சீனத்தில் எஞ்சியுள்ள யானைகள் சுமார் முந்நூறு. ஒரு காலத்தில் இருநூறுக்கும் கீழே போயிருந்து, வேட்டையை ஒடுக்கியதால் பெருகியவை. 2020-ம் வருஷத்தில் சிஷுவாங்பன்னாவை விட்டு ஒரு கூட்டம் வடக்கே கிளம்பியது. 2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பதினைந்து யானைகள், வயல்களையும் ஊர்களையும் கடந்து, ஐந்நூறு கிலோமீட்டர் நடந்து, மாகாணத் தலைநகரான குன்மிங்கின் எல்லையை மிதித்தன. ஒன்றரை லட்சம் ஜனங்களுக்கு மேல் வழியை விட்டு விலக்கப்பட்டனர். ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. சீன அதிகாரிகள் அந்த மட்டில் பாராட்டுக்குரியவர்கள். கூட்டத்தைப் பிரிந்த ஓர் ஆண் யானை ஜூலையில் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டது. மற்றவை ஆகஸ்டு 8-ம் தேதி யுவான்ஜியாங் நதியைக் கடந்து தெற்கே திரும்பின. அவை ஏன் புறப்பட்டன என்பதில் அறிஞர் ஒரே கருத்தினர் அல்லர். ஆனால், ஒன்றில் மாறுபாடில்லை. யானைக்கு வேண்டியது புல்லும் காட்டு வாழையும் மூங்கிலும் விளையும் தாழ்ந்த, ஓரளவு திறந்த நிலம். அந்தத் தாழ்நிலம் ரப்பருக்குப் போய்விட்டது. காப்புக்காட்டினுள்ளே மரம் அடர்ந்து தரையில் வெளிச்சம் குறைந்துவிட்டது. எனவே அவை குடியானவனின் சோளக்கொல்லைக்கு வருகின்றன. யானை அழித்த பயிருக்கு இன்ஷூரன்ஸ் மூலம் நஷ்டஈடு கொடுக்கும் ஏற்பாடு அங்கே நடந்துவருகிறது. ஆள் சேதத்துக்கு எந்த ஈடு கட்டும்?

இனி மீட்பைப் பற்றி. இதன் கதை மெங்லுன்னில், லுவோசுவோ ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் சுரைக்காய்த் தீவு என்ற இடத்தில் தொடங்குகிறது. 1930-களில் யுன்னான் காடுகளில் அலைந்து செடி சேகரித்த சாய் சிதாவ் என்ற தாவர சாஸ்திரி, 1959-ம் வருஷத்தில் அங்கே ஒரு தாவரத் தோட்டத்தை நிறுவினார். இன்று அது சீன விஞ்ஞானப் பேரவையின் கீழ் 1,100 ஹெக்டேருக்கு மேல் பரந்து, பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாவர வகைகளை வளர்க்கும் பெரிய ஸ்தாபனம். சுற்றிலும் ரப்பர் சூழ, தன் எல்லைக்குள் சுமார் 250 ஹெக்டேர் பழங்காட்டை அப்படியே வைத்திருக்கிறது. அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த ஃபெங் யாவ்சோங் முதலியோர், ரப்பர் ஒழியாது என்றால் ரப்பரையே காடுபோல் வளர்க்கலாகாதா என்று யோசித்தனர். மேலே ரப்பர், நடுவே மருந்துச் செடி, கீழே தேயிலை என்று அடுக்கடுக்காக நட்டுப் பார்த்தனர். மண் கரைவது குறைந்தது. குளிரால் மரம் சாவது குறைந்தது. தேயிலை வருமானமும் கூடவே வந்தது. காட்டுக்கு அது ஈடாகாது. ஆனால் வெறும் ரப்பரைவிட எவ்வளவோ மேல்.

காட்டுக்குள்ளேயே பயிர் செய்யலாம் என்ற வேறொரு யோசனை அவ்வளவு நன்மையாக முடியவில்லை. பெரிய மரங்களை வெட்டாமல் அவற்றின் நிழலில் ஏலக்காய் இனத்து மருந்துச் செடி ஒன்றை நடும்படி குடியானவர் ஊக்கப்படுத்தப்பட்டனர். மேலிருந்து பார்த்தால் காடு காடாகவே இருந்தது. கீழே, செடிக்கு இடம் வேண்டி இளங்கன்றுகளையெல்லாம் அறுத்துவிட்டார்கள். கிழவர் மட்டும் வாழ்ந்து குழந்தை பிறக்காத கிராமம் போலாயிற்று அக்காடு.

இது காட்டை மீட்பவர் முதலில் கற்கவேண்டிய பாடம். நட்டது எத்தனை என்பதைவிட, தானாக முளைப்பது எத்தனை என்பதே கேள்வி. மழைக்காட்டு மரங்களில் மிகப் பல, விதையைப் பிராணிகளின் வயிற்றில் அனுப்பி வைப்பவை. இருவாட்சி போன்ற பெரிய பறவை போய்விட்டால் பெரிய விதை மரத்தடியிலேயே விழுந்து மக்கும். சிஷுவாங்பன்னாவில் வேட்டையால் இத்தகைய பறவைகள் பெரிதும் அருகிவிட்டன. வானத்தை நோக்கும் மரத்தின் விதையையோ, உலர்த்தி டப்பியில் அடைத்து வைக்க இயலாது. விழுந்த சில நாட்களில் முளைக்க வேண்டும், இல்லையேல் செத்துவிடும். ஆகவே அதைக் காக்க விதைப் பண்டகசாலை உதவாது. உயிருள்ள மரமே வேண்டும். எல்லைக்கு அப்பால், சியாம் தேசத்துச் சியாங்மாய் சர்வகலாசாலையார் 1994-ம் வருஷம் முதல் ஒரு முறையைச் செய்து காட்டி வருகின்றனர். அந்த மண்ணுக்கே உரிய இருபது முப்பது ஜாதிக் கன்றுகளைத் தேர்ந்து நெருக்கமாக நடுகிறார்கள். சீக்கிரம் வளர்ந்து புல்லை மூடவேண்டும். சீக்கிரம் பழுத்துப் பறவையை அழைக்கவேண்டும். அதற்கேற்ற ஜாதிகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பறவை வந்து எச்சமிட்டால், நடாத மரங்களும் முளைக்கும். அருகில் பழங்காடு இருந்தால்தான் இம்முறை பலிக்கும். விதை எங்கிருந்தாவது வரவேண்டும் அல்லவா?

இங்கேதான் தை மக்களின் பழைய வழக்கம் நம் கவனத்துக்கு உரியதாகிறது. பௌத்தராயினும் அவர்கள் முன்னோரின் ஆவிகளையும் வழிபடுபவர். ஊருக்கு ஊர் ஒரு குன்றை அந்த ஆவிகளுக்கு விட்டுவைப்பார்கள். அங்கே மரம் வெட்டலாகாது, வேட்டையாடலாகாது, கிளை ஒடிக்கவும் கூடாது. காடு இருந்தால் நீர், நீர் இருந்தால் வயல், வயல் இருந்தால் சோறு, சோறு இருந்தால் மனிதன் என்ற வரிசையில் எண்ணுவது அவர்கள் வழக்கம். இத்தகைய புனிதக் குன்றுகள் சுமார் நானூறு இருந்ததாகப் பெய் ஷெங்ஜி என்ற தாவர சாஸ்திரி எழுதினார். 1966-ம் வருஷத்திலிருந்து பத்து வருஷம் நடந்த கலாசாரப் புரட்சியில் இவ்வழிபாடு மூடநம்பிக்கை என்று தடுக்கப்பட்டது; பல குன்றுகள் மொட்டையாயின. பகுத்தறிவின் பெயரால் மரத்தை வெட்டி, பிறகு விஞ்ஞானத்தின் பெயரால் அதே மரத்தைத் தேடி வந்தார்கள். எஞ்சிய குன்றுகளும் முழுதாக இல்லை. மெங்லுன் பக்கத்துக் குன்றுகளை ஆராய்ந்த சூ ஹுவா, துண்டுபட்ட காட்டில் கொடிகள் மிகுந்து, ஆழ்ந்த நிழலில் வாழும் அரிய மரங்கள் மெல்ல மறைவதைக் காட்டியிருக்கிறார். ஆயினும் ரப்பர்க் கடலின் நடுவே அந்தத் தீவுகள்தாம் விதையை வைத்திருக்கின்றன.

தை மக்கள் செய்த மற்றொரு காரியமும் உண்டு. அடுப்புக்குக் காட்டு மரத்தை அவர்கள் வெட்டுவது குறைவு. நம் நாட்டுச் சாலையோரங்களிலும் காணும் மஞ்சட் கொன்றையை வீட்டருகே நட்டு, தலையை வெட்டி விறகு எடுத்து, அது மீண்டும் தழைக்க விடுவார்கள். ஒரு முறை நட்ட மரம் ஒரு தலைமுறைக்கு மேல் அடுப்பெரிக்கும். மெங்ஹாய் மலைகளில் புலாங் மக்கள் காட்டு மரங்களின் நிழலிலேயே தேயிலை வளர்க்கிறார்கள். பக்கத்து ஜில்லாவிலுள்ள ஜிங்மாய் மலையின் அத்தகைய தேயிலைக் காடு 2023-ம் வருஷத்தில் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்கப்பட்டது. காட்டைப் படிக்கப் போகும் நிபுணர்கள் முதலில் உட்கார்ந்து கேட்கவேண்டியது இவர்களிடத்தில்தான் என்பது நம் அபிப்பிராயம்.

சீன சர்க்கார் சும்மா இருக்கவில்லை. கடல் மட்டத்துக்கு 950 மீட்டருக்கு மேலும், 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும் ரப்பர் கூடாது என்று விதி வகுத்து, அத்தகைய இடங்களை மரங்களுக்குத் திருப்ப முயன்றுவருகின்றனர். அவ்விடங்களில் ரப்பர் நன்றாகப் பால் சுரப்பதும் இல்லை, குளிரில் நலிகிறது. 1991-ம் வருஷத்தில் காப்புக்காடான நாபான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஜெர்மானிய விஞ்ஞானிகளும் சீனரும் சேர்ந்து பல வருஷம் ஆராய்ந்து, எந்தச் சரிவை விட்டால் எவ்வளவு நீர் மிஞ்சும், குடியானவனுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிட்டனர். காட்டுத் துண்டுகளை இணைக்கும் வழித்தடங்களும் வரையப்பட்டன. வரைபடத்தில் கோடு போடுவது எளிது. அந்தக் கோட்டின் கீழே கிடப்பது ஒப்பந்த நிலம். அதில் நிற்பது ஒரு குடும்பத்தின் ஜீவனம். தண்டோரா போட்டு மந்திரி ஒரு கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்வதற்கு அங்கே இடம் உண்டு. அந்தக் கன்று மரமாகும் வரை பதினைந்து வருஷம் குடியானவன் எதைச் சாப்பிடுவது என்பதற்குப் பதில் இல்லையேல், மறுவருஷம் கன்று இருந்த இடத்தில் வாழை இருக்கும்.

விலையும் இதில் ஒரு கட்சி. 2011-ம் வருஷத்துத் தொடக்கத்தில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போய், பிறகு சில வருஷங்களில் பாதிக்கும் கீழே விழுந்தது. பால் வெட்டும் கூலிக்கே கட்டாமல் மரங்களை வெட்டாமல் விட்டவர் பலர். மலைமேல் தோட்டங்களை விட்டுவிடச் சம்மதம் கேட்பதற்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது. நிலத்தை விடுவோனுக்கு, நீரைக் காத்ததற்கும் யானைக்கு வழி கொடுத்ததற்கும் கூலியாக, பல வருஷத்துக்கு நிச்சயமான தொகை தரவேண்டும். தொகை சரிவான நிலத்தையும், தாழ்நிலத்தில் காட்டுத் துண்டுகளுக்கு இடைப்பட்ட நிலத்தையும் முதலில் நாடிப் போகவேண்டும். ஜாபிதாவில் ரப்பரைத் தனியாகவும் காட்டைத் தனியாகவும் எழுதவேண்டும். இம்மூன்றும் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. சீன விஞ்ஞானிகள் தம் சர்க்காருக்கு இவற்றை ஒத்த யோசனைகளையே கூறி வந்திருக்கின்றனர்.

ரப்பர் மரம் முப்பது வருஷம் வரை லாபமாகப் பால் கொடுக்கும். பிறகு பால் வற்றும், மரத்தை வெட்டிப் பலகையாக விற்பார்கள். சிஷுவாங்பன்னாவில் குடியானவர் பெரும்பாலும் நட்டது 1988-க்கும் 2010-க்கும் இடையே. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவற்றில் முதல் மரங்கள் இப்போதே கோடரிக்கு வந்துகொண்டிருக்கின்றன. மற்றவை அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் ஒவ்வொரு சரிவாக வெட்டப்படும். வெட்டிய நிலத்தில் மீண்டும் ரப்பர்க் கன்று ஊன்றப்படுமா, மெங்லுன் நாற்றங்காலில் பிளாஸ்டிக் பைகளில் நிற்கும் காட்டுக் கன்று ஊன்றப்படுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் முற்றத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கும். அந்தத் தீர்மானத்தின்போது சர்க்காரின் தொகை அவர்கள் கையில் இருக்கிறதா, வாக்குறுதியாக மட்டும் இருக்கிறதா என்பதைச் சீனப் பத்திரிகைகள் இப்போதிருந்தே கேட்கத் தொடங்கவேண்டும்.